வெள்ளைக் கோட்டின் மேல் கறுப்புக் கோட்டு

“பயோடெக் படிச்சானாம் அஞ்சு வருஷம். இப்பத் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறான்.” விளாத்திகுளம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்கிறவர்களுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, பரிகாசம்தான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி கடந்து போகிறாயே, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். நில். தலையைத் தூக்கு.

கணக்கு எழுதுவதில் கேவலம் எதுவும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் எத்தனை வீட்டில் அடுப்பெரிய வைத்திருக்கிறது என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். படித்த படிப்பு வீண் என்று ஊர் சொன்னது. நீயும் அதை நம்பிவிட்டாய். பாக்டீரியா வளர்த்தது, ஜெல் ஓட்டியது, பி.சி.ஆர். எந்திரத்தின் முன்னால் ராத்திரி பூராவும் காத்துக் கிடந்தது, முடிவு தப்பாக வந்ததால் மாதக்கணக்கான வேலையைக் குப்பையில் கொட்டிவிட்டு மறுநாள் காலையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, எல்லாம் வீணா? எவன் சொன்னது?

இந்த நாட்டில் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை பெரிய வக்கீல் வந்து அதன் வாசலில் நின்றாலும் “அறிவியல் பட்டம் இருக்கிறதா?” என்று சட்டமே அவரைக் கேட்கும். அந்த வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் காப்புரிமை முகவர். ஆங்கிலத்தில் பேடன்ட் ஏஜென்ட் என்பார்கள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவை எடுத்துப் பார். இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ ஒரு பட்டம், அரசு நடத்தும் தகுதித் தேர்வில் தேர்ச்சி. சட்டப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. உன் பெயருக்குப் பின்னால் இருக்கிற அந்த எம்.எஸ்சி. இருக்கிறது. நீ வெட்கப்பட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சான்றிதழைத்தான் சட்டம் நுழைவுச் சீட்டு என்கிறது.

பிறகு மூன்று ஆண்டு சட்டமும் படித்தால் நீதிமன்றத்திலும் நின்று வாதாடலாம். பட்டதாரிக்கு அந்தப் படிப்பு திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. வெள்ளைக் கோட்டைக் கழற்றி எறிய வேண்டாம். அதன் மேலேயே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொள்.

கதை சொல்கிறேன் என்று நினைக்காதே. மாலதி லட்சுமிகுமாரன் என்று ஒருவர் இருக்கிறார். எலியின் இன்சுலின் மரபணுவுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகளைப் பற்றி 1985இல் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர். டெல்லிக்கு வந்து டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் தாவர மூலக்கூறு உயிரியலில் நெடுங்காலம் உழைத்தார். கடுகு இனச் செடிகளின் டி.என்.ஏ.வை அலசியவர். அதற்கப்புறம் லட்சுமிகுமாரன் அண்ட் ஸ்ரீதரன் சட்ட நிறுவனத்துக்குள் போய் உயிர்தொழில்நுட்பக் காப்புரிமைப் பணிக்குத் தலைமை தாங்கினார். சோதனைக் கூடத்தை விட்டு வந்ததால் அவருடைய விஞ்ஞானம் செத்துவிட்டதா? அந்த விஞ்ஞானத்தை நம்பித்தான் கம்பெனிகள் அவரிடம் கோப்பைக் கொடுக்கின்றன.

அமெரிக்காவில் பாலின் நியூமன். 1952இல் யேல் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அமெரிக்கன் சயனமிட் கம்பெனியில் ஆராய்ச்சி வேதியியலாளராக இருந்தார், பிறகு இன்னொரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவுக்கு மாறினார். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1958இல் பட்டம் பெற்றார். 1984இல் அந்த நாட்டின் காப்புரிமை வழக்குகளை மேல்முறையீட்டில் விசாரிக்கும் நீதிமன்றத்துக்கே நீதிபதி ஆனார். டாக்டர் பட்டத்துக்கும் சட்டப் பட்டத்துக்கும் நடுவில் ஆறு வருஷம். உனக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது, இனி எங்கே படிக்க என்று புலம்புகிறாயா? அவருக்குச் சட்டப் பட்டம் கிடைத்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

சரி, இந்த வேலை என்னதான் செய்கிறது? பொத்தாம்பொதுவாகப் பேசினால் உனக்கு உறைக்காது. உன் ஊர் வத்தலை வைத்தே சொல்கிறேன்.

மாசி, பங்குனியில் விளாத்திகுளத்திலிருந்து புதூர், நாகலாபுரம் பக்கம் போனால் களத்தில் சிவப்பாய்ச் சம்பா வத்தல் காயும். ராத்திரிப் பனியும் அடிமண்ணின் ஈரமும் ஏறினால் அதில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்கும். ஒரு கிலோ வத்தலில் அஃப்ளாடாக்சின் பி1 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தச் சரக்கு நுழையாது. 5 மைக்ரோகிராம்! கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது. ஆனால் கமிஷன் கடையில் விலையை அடிப்பது அதுதான்.

இப்போது ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி ஆய்வாளர் விளாத்திகுளத்துக் கரிசல் மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியாவைப் பிரித்து எடுக்கிறார். அதைத் தெளித்தால் வத்தலில் அந்தப் பூஞ்சை படருவதில்லை. சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு உன்னிடம் வருகிறார், காப்புரிமை வாங்கித் தா என்கிறார். சட்டம் மட்டும் படித்தவர் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பிப்பார். நீ அப்படிச் செய்ய மாட்டாய். நீ கேள்வி கேட்பாய்.

“சார், இந்த பாக்டீரியா மண்ணில் இருந்தபடியேதானே இருக்கிறது? இயற்கையில் உள்ள உயிரைக் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை கிடையாது, 3ஆம் பிரிவின் சி உட்பிரிவு தடுக்கிறது. நீங்கள் அதை எதோடு சேர்த்துத் தூளாக்கினீர்கள்?” களிமண் தூளோடும் வேறொரு பொருளோடும் கலந்ததாகச் சொல்வார். “வெறும் கலவை என்றால் ஈ உட்பிரிவு இடிக்கும். பாக்டீரியாவைத் தனியாக, அந்தப் பொருளைத் தனியாக, இரண்டையும் சேர்த்து, மூன்று விதமாகவும் சோதித்தீர்களா? சேர்த்தபோது கிடைத்த பலன் இரண்டின் தனிப்பலனையும் கூட்டியதைவிட அதிகமா? எத்தனை முறை திருப்பிச் செய்தீர்கள்? கட்டுப்பாட்டு மாதிரி எங்கே? ஈரப்பதம் எவ்வளவு? 28 டிகிரியில் செய்திருக்கிறீர்கள், பங்குனி வெயிலில் களத்துச் சூட்டில் அது உயிரோடு இருக்குமா?”

பார்த்தாயா? இந்தக் கேள்விகளை எந்தச் சட்டக் கல்லூரியும் சொல்லித் தராது. இன்குபேட்டர் பழுதாகி ஒரு வாரத் தட்டுகள் அத்தனையும் கெட்டுப்போனபோது நீ அழுதாயே, அங்கே கற்றது இது. கட்டுப்பாட்டு மாதிரி வைக்காமல் போய் வழிகாட்டியிடம் திட்டு வாங்கினாயே, அங்கே கற்றது.

இன்னும் கேட்பாய். “இதைப் பற்றி ஏற்கெனவே எங்காவது கட்டுரை எழுதிவிட்டீர்களா?” எழுதியிருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. நம் கல்லூரிகளில் இது ஒரு தொற்றுநோய். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று அவசரம் அவசரமாக அச்சில் ஏற்றிவிட்டு அதன் பிறகு காப்புரிமைக்கு ஓடி வருவார்கள். ஊருக்கே சொன்ன பிறகு புதுமை ஏது? முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை. இந்த ஒரே ஒரு சங்கதியைக் கோவில்பட்டியையும் தூத்துக்குடியையும் சுற்றியுள்ள கல்லூரிகளில் சொல்லிக்கொண்டு திரிந்தால்கூட உனக்கு வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்வேன்.

கட்டுரை எழுதவில்லை என்கிறார். நல்லது. இப்போது அந்த பாக்டீரியாவை எழுத்தில் விவரித்தால் மட்டும் போதாது, உயிரோடு ஓரிடத்தில் ஒப்படைக்க வேண்டும். புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகங்கள் உண்டு. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. 2002 முதல் அப்படி ஒன்று. அங்கே அனுப்பிப் பதிவெண் வாங்க வேண்டும். பிறகு 10ஆம் பிரிவு கேட்கும்: இந்த உயிர்ப்பொருள் எந்த ஊரில் கிடைத்தது? அதை விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தாலோ பொய் சொன்னாலோ காப்புரிமையையே எதிர்க்கலாம், ரத்துச் செய்யக் கேட்கலாம். நீ அங்கே எழுதுவாய்: தமிழ்நாடு, தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டம். “மழை கிடையாது, ஒண்ணுக்கும் ஆகாத பூமி” என்று பேர் வாங்கிய மண்ணின் முகவரியை உலகம் முழுக்கப் படிக்கும் ஆவணத்தில் உன் கையால் பதிவு செய்வாய்.

நம் நாட்டு உயிர்வளம் சம்பந்தப்பட்டது என்பதால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வாசலையும் தாண்ட வேண்டும். அது எங்கே இருக்கிறது தெரியுமா? சென்னை தரமணியில். நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று எங்கே? சென்னை கிண்டியில். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கொடுத்த பதிவகம்? அதுவும் கிண்டிதான், இந்தியா முழுமைக்கும் அந்த ஒன்றே. கோவில்பட்டியில் ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிய எழும்பூர். டெல்லியில் ஆள் தெரியாது, பம்பாயில் ஆள் தெரியாது என்று இனிச் சாக்குச் சொல்லாதே.

உண்மையில் ரயில்கூட ஏற வேண்டியதில்லை. காப்புரிமை முகவர்கள் மின்னணு வழியில் மட்டுமே தாக்கல் செய்ய வேண்டும் என்று 2016இல் விதியே வந்துவிட்டது. விசாரணைகள் காணொளியிலும் நடக்கின்றன. தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். விளாத்திகுளத்தில் மாடியில் ஒரு அறை, நல்ல இணைய இணைப்பு, மேஜையில் சட்டப் புத்தகம். அறைக்கு வெளியே போர்டு மாட்டு. முதல் ஆறு மாதம் “ஆதார் கார்டு திருத்துவீங்களா தம்பி?” என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். சிரித்துவிட்டு அனுப்பு. ஏழாவது மாதம் ஆய்வாளர் வருவார்.

உயிருக்குக் காப்புரிமையா என்று உன் வீட்டில் கேட்பார்கள். நல்ல கேள்வி, உலகமே கேட்ட கேள்வி. மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்துச் சைந்தியா என்ற சிறு நகரத்தில் 1938இல் பிறந்தவர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. கல்கத்தாவில் படித்து, அமெரிக்கா போய், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ளதற்குத் தர முடியாது என்று அங்கத்திய காப்புரிமை அலுவலகம் கைவிரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 1980 ஜூன் 16, நீதிபதிகள் 5க்கு 4 என்று பிரிந்து சக்ரவர்த்தி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் உயிர்தொழில்நுட்பத் தொழிலின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும். நம் நாட்டில் 2002இல் கோழிகளுக்கான பர்சைடிஸ் தடுப்பூசி வழக்கில், முடிவில் கிடைப்பது உயிருள்ள பொருள் என்பதற்காக மட்டும் ஒரு செய்முறைக்குக் காப்புரிமையை மறுக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆனால், தம்பி, ஒன்று கேள். காப்புரிமை வாங்கித் தருவது மட்டும் இந்த வேலை இல்லை. தரக் கூடாததைத் தடுப்பதும் இதே வேலைதான். எனக்கு இந்தத் தொழில் மேல் மரியாதை வந்ததே அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.

ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998இல் விண்ணப்பம் போட்டது நம் சென்னை அலுவலகத்தில். அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் அந்த மருந்துக்கு. இந்தியக் கம்பெனிகள் தயாரித்ததோ 10,000 ரூபாய்க்குள். புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் இந்தியக் கம்பெனிகளும் எதிர்மனு போட்டன. வழக்கின் உயிர்நாடி எது தெரியுமா? மருந்து மூலக்கூறு பழையது. அதன் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குத்தான் கம்பெனி உரிமை கேட்டது. இந்த வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று எலிகளில் செய்த ஆய்வைக் காட்டியது. கூடுதலாகச் சேர்ந்தால் நோய் கூடுதலாகக் குணமாகுமா? அதற்குச் சான்று எங்கே? இதுதான் கேள்வி. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. நோயைக் குணமாக்கும் திறன் கூடியதாக நிரூபிக்கப்படவில்லை, 3ஆம் பிரிவின் டி உட்பிரிவைத் தாண்ட முடியாது என்றது.

அந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்க யாரால் முடியும்? உடலில் மருந்து எவ்வளவு சேர்கிறது என்பதும் நோய் எவ்வளவு குறைகிறது என்பதும் வேறு வேறு என்று தெரிந்தவனால். நீ அதை இரண்டாம் செமஸ்டரில் படித்தாய், தேர்வு எழுதினாய், மறந்தும் போனாய். அந்த ஒரு பாடத்தின் மேல்தான் எத்தனையோ நோயாளிகளின் மாத்திரை விலை நின்றது. வீண் என்கிறாயா இப்போதும்?

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995 மார்ச்சில் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு. நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போய் எதிர்த்தது. 1997 ஆகஸ்டில் காப்புரிமை போயிற்று. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையும் 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. “எங்க பாட்டி காலத்திலேயே உண்டு” என்று கூச்சல் போட்டதால் வரவில்லை இந்த வெற்றி. தேதி போட்ட ஆதாரத்தைத் தேடிப்பிடித்து, எதிராளியின் வாசகத்தில் வரிக்கு வரி பொருத்திக் காட்டியதால் வந்தது.

இதில் உனக்கும் ஒரு குட்டு. பாட்டி வைத்தியத்துக்குக் காப்புரிமை வாங்கிக் கோடீஸ்வரன் ஆகிறேன் என்று கிளம்பிவிடாதே. பாரம்பரிய அறிவை 3ஆம் பிரிவு பி உட்பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. விலக்கியதுதான் நியாயம். ஊர்ப் பொதுச்சொத்தை ஒருவன் பெயருக்கு எழுதிக்கொள்ள நீ துணைபோகாதே.

கரிசலுக்கு வருவோம். 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பூமியின் பருத்தியும் சோளமும் ஆராய்ச்சிப் பொருள்தான். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண்ணுக்கு 2002க்குப் பிறகு பி.டி. பருத்தி வந்தது. விதைப் பாக்கெட்டைக் கிழித்து ஊன்றிய நம் சம்சாரிக்கு அந்த விதைக்குள் இருக்கும் மரபணு யாருக்குச் சொந்தம் என்று டெல்லியில் ஒரு யுத்தம் நடந்தது தெரியாது. மான்சான்டோவும் நுசிவீடு விதைக் கம்பெனியும் மோதின. செடியும் விதையும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்ற 3ஆம் பிரிவு ஜே உட்பிரிவைக் காட்டி 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, முறைப்படி சாட்சி விசாரித்து முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பியது. பிறகு இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் செய்த மரபணு வரிசை விதைக்குள் போனதும் விதையாகிவிடுகிறதா, இல்லை தனிப் பொருளாகவே இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நம் உச்ச நீதிமன்றம் கடைசிவரை பதில் சொல்லவில்லை. வாசல் திறந்தே கிடக்கிறது. நாளைக்கு அதை வாதாடப் போவது யார்? பருத்திக்காட்டில் களை எடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி போகக் கூடாதா?

தங்கச்சி, உன்னைத்தான் கேட்கிறேன். அறுவடை செய்த விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது, விவசாயிகளின் சொந்த ரகங்களைப் பதிவு செய்யவும் வழி தந்திருக்கிறது. உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உன் அப்பாவுக்குத் தெரியுமா? நீ சொன்னாயா?

உன் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிற சீமைக்கருவேலத்தைப் பார். கரிமூட்டம் போடுகிறவனுக்குச் சோறு, மற்றவனுக்கெல்லாம் சனியன். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அதே மரத்தைப் பார்த்து வேறு கேள்வி கேட்டார்கள்: எல்லாம் கருகும்போது இது மட்டும் எப்படிப் பச்சையாய் நிற்கிறது? வறட்சி தாங்கும் மரபணுக்களை அதிலிருந்து அடையாளம் கண்டு 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2010இல் அதிலொரு மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் ஏற்றி, அந்தச் செடி வறட்சி தாங்குவதைக் காட்டினார்கள். நீ திட்டிக்கொண்டே வெட்டிப் போட்ட மரம்தான். வறண்ட பூமியில் பிறந்ததைக் குறையாகச் சொல்லித் திரிகிறாயே, வறட்சியைத் தாங்கும் உயிர்கள் குவிந்து கிடக்கிற இடத்தில் பிறந்திருக்கிறாய். பூமி சூடேறிக்கொண்டிருக்கும் காலத்தில் உலகம் தேடி வரப் போகிற சரக்கு அது. வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள், காப்புரிமை வக்கீலோடு வருவார்கள். எதிர் நாற்காலியில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

சும்மா உசுப்பேற்றிவிட்டுப் போகிறவன் அல்ல நான். கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு நேர்முகம். முதல் தாள் சட்டமும் விதிகளும். இரண்டாம் தாளில் ஒரு கண்டுபிடிப்பைக் கொடுத்து, விவரக்குறிப்பையும், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கைகளையும் எழுதச் சொல்வார்கள். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும். இரண்டாம் தாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கோரிக்கை எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். ஒரு சொல் கூடினால் உரிமை சுருங்கும், ஒரு சொல் குறைந்தால் பழைய கண்டுபிடிப்பு எதிலாவது போய் இடித்து எல்லாமே போகும். தேர்வும் ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை, இடையில் வருஷக்கணக்கில் நடக்காமல் போனதுண்டு. அறிவிப்பு வந்த பிறகு படிக்க ஆரம்பிக்கிறவன் கோட்டை விடுவான். மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிற கரிசல் சம்சாரி மாதிரி நீ முன்கூட்டியே படித்து முடித்துத் தயாராக இரு.

சம்பளமும் முதல் இரண்டு மூன்று வருஷம் பெரிதாக இராது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு நிறுவனத்தில் பழைய காப்புரிமைகளைத் தேடிக் கொடுக்கும் வேலையில்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அலுப்பான வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, அடுத்தவன் எழுதியதில் சந்து தேடும் வேலை. அதைக் கேவலமாக நினைக்காதே, கண் அங்கேதான் கூர்மையாகும். நல்லப்ப சுவாமிகளை உன் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விளாத்திகுளம் சுவாமிகள் என்று இசை உலகம் அழைத்தது. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடுவதில் பேர் வாங்கியவர். பொறுமை உங்கள் ஊருக்குப் புதிதா என்ன?

ஆங்கிலம் வராது என்பாய். எத்தனை நாளைக்கு இந்தப் பாட்டு? காப்புரிமை ஆங்கிலம் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் இல்லை. அதில் அலங்காரம் கிடையாது, உவமை கிடையாது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தச் சூட்டில், எத்தனை நேரம், என்ன விளைந்தது, அவ்வளவுதான். நீ ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிய அதே ஆங்கிலம். பள்ளிக்கூடப் படிப்பே பெரிதாக இல்லாத இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கு ஒரு சொல்லகராதியே தொகுத்துவிட்டுப் போனார். முதுகலைப் பட்டம் வாங்கிய உனக்கு நூறு சட்டச் சொற்களைப் பழக முடியாதா? முடியாது என்று சொல்வதற்கு உனக்குக் கூசவில்லையா?

ஆய்வை விட்டு வந்தவன் ஆராய்ச்சியில் தோற்றவன் என்று பல்கலைக்கழக வராந்தாவில் ஒரு பேச்சு உண்டு. மதுரையிலும் கேட்டிருக்கிறேன், சென்னையிலும் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்கிற பேராசிரியர்களில் எத்தனை பேருடைய கண்டுபிடிப்பு அலமாரியில் தூசி தின்கிறது என்று எண்ணிப் பார். எழுதிப் பாதுகாக்க ஆள் இல்லாமல், தொழிற்சாலைக்குக் கைமாற்ற வழி தெரியாமல், ஆய்வேடாகவே மக்கிப்போனவை. அந்த வராந்தாவுக்குத்தான் உன்னுடைய உதவி அவசரமாக வேண்டும். அவர்கள் பேசட்டும். நீ போய்க் கதவைத் தட்டி, “ஐயா, இதை வெளியிட்டுவிட்டீர்களா?” என்று கேள்.

டீக்கடை பெஞ்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை இணையத்தில் வெளிவருகிறது, காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை அதைத் திற. உனக்குப் பழக்கமான துறையில், நுண்ணுயிரோ தாவரமோ மருந்தோ, ஒரே ஒரு விண்ணப்பத்தை எடு. அதன் முழு விவரக்குறிப்பையும் இறக்கி, முதல் கோரிக்கையைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வை. இதில் புதிது எது, சோதனையில் ஓட்டை எங்கே, 3ஆம் பிரிவின் எந்த உட்பிரிவு இதைத் தடுக்கும் என்று உன் கைப்பட எழுது. அடுத்த வெள்ளிக்கு இன்னொன்று. அறிவிப்பு வருகிற வரைக்கும் நிறுத்தாதே.